நாலாவது மைல் நத்தைக் கல்

ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள், "எப்படி?" என்று கேட்பார்கள். மேஸ்திரி, "எங்கே?" என்று கேட்பார். வீட்டில் என்றால் அத்தோடு சரி. ரோட்டில் என்றால் அடுத்த கேள்வி, "எந்த மைலு?" அதற்கும் பதில் கிடைத்தால், "எத்தனாவது பர்லாங்கு?" அதுவும் தெரிந்த பிறகுதான் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நல்ல மனுசன்" என்பார்.

அரியலூர்–பெரம்பலூர் ரோட்டில் அவர் மேஸ்திரி. ஜில்லா போர்டு உத்தியோகம். ரோட்டில் விழும் பள்ளத்தை அடைப்பது, இருபுறமும் நிற்கும் புளியமரங்களுக்கு நம்பர் எழுதுவது, கண்டிராக்டர் கொண்டுவந்து அடுக்கும் கல்லை அளப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குள்ளமான மனிதர். முழங்கை வரை சுண்ணாம்பு தெறித்திருக்கும். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அப்போது ஒரு சென்னைப் பத்திரிகைக்கு அரியலூர் நிருபர். என்னை அவர் "பேப்பர் தம்பி" என்பார்.

அவருடைய வாழ்க்கையும் அந்த ரோட்டின் அளவிலேயே நடந்திருந்தது. கல்யாணப் பேச்சு முடிவானது ஆறாவது மைலில், பெண்ணின் அப்பா அச்சு முறிந்த வண்டியோடு நின்ற இடத்தில். கடைவாய்ப் பல் விழுந்தது பன்னிரண்டாவது மைலில். மகள் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது ஒன்பதாவது மைல், எண்பத்தேழாம் நம்பர் மரத்தடி. இதையெல்லாம் அவர் சொல்லும்போது அவர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "என்னையப் பாத்தா கட்டுனாரு, மைல் கல்லப் பாத்துக் கட்டுனாரு" என்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு தவறான செய்தியால். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பஸ் கவிழ்ந்ததை, 'குன்னம் அருகே' என்று எழுதி அனுப்பியிருந்தேன். பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்கினார்.

"குன்னம் அருகேன்னு போட்டிருக்கீங்க. அருகேன்னா?"

"பக்கத்தில்."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

சென்னையில் படிப்பவனுக்கு அது தேவையில்லை என்றேன்.

"மெட்ராஸ்காரனுக்கு வேணாம் தம்பி. அடிபட்டவனோட அண்ணன் ஜெயங்கொண்டத்துல இதைப் படிச்சுட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்தான். குன்னத்தத் தாண்டி ரெண்டு மைலு மேற்க போயித் தேடியிருக்கான். பஸ்ஸு கெடந்தது கெழக்க, முக்கா மைலுல."

குரலில் கோபம் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ரோட்டைப் பற்றிய எந்தச் செய்தியையும் அவரிடம் கேட்காமல் நான் அனுப்பியதில்லை. அவர் சொன்ன இடம் தவறாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அந்தக் கதைதான் இது.

கல் அளப்பதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ரோட்டுக்கு வேண்டிய கல்லைக் கண்டிராக்டர் பக்கத்துக் குழிகளில் வெட்டி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து ரோட்டோரம் குவியலாக அடுக்குவார். நான்காவது மைலுக்கு நான்காவது மைல் குழி, பத்தாவது மைலுக்குப் பத்தாவது மைல் குழி என்று ஏற்பாடு. மேஸ்திரி மூங்கில் கோலால் குவியலை அளந்து புத்தகத்தில் குறிப்பார். அளந்து முடிந்ததும் ஒரு குவளைச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குவியலின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தெளிப்பார். வெள்ளை தெரிந்தால் அளந்தாகிவிட்டது, அதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதிய கல் என்று காட்ட முடியாது. பிறகு பெண்கள் வந்து உட்கார்ந்து அதை ஜல்லியாக உடைப்பார்கள்.

நான்காவது மைலில் அப்படி உடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு நாள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேஸ்திரி, இதுல பாம்பு சுருண்டு கெடக்கு. நான் ஒடைக்க மாட்டேன்."

அவர் போய்ப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தின் நடுக் குடத்தளவு உருண்டைக் கல். ஒரு பக்கம் பிளந்து, உள்ளே வரிவரியாகச் சுருள். தலையும் இல்லை, வாலும் இல்லை.

"பாம்பு இல்ல. நத்தை."

"இம்மாம் பெரிய நத்தைய யாரு ஆக்கித் தின்னது?"

"இது ஒன்னத் தின்னுருக்கும். எந்திரி அந்தப் பக்கம்" என்று சொல்லிக் கல்லைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். அதன் அடியில் தாரால் எழுதினார்: 4-3, தெற்கு. நான்காவது மைல், மூன்றாவது பர்லாங்கு, ரோட்டுக்குத் தென்புறக் குழி.

நான் எட்டு வரியில் செய்தி அனுப்பினேன். பத்து நாளில் சென்னையிலிருந்து ஒரு புரொபசர் வந்தார். மேஸ்திரி வீட்டு வாசலில் மண்டியிட்டு அமர்ந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எங்கே எடுத்தது?" மேஸ்திரி சொன்னார். புரொபசர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதைத் திரும்ப ஒரு முறை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டார். அன்று ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது மேஸ்திரி என்னிடம், "இருபத்தஞ்சு வருசத்துல என்னயப் போலக் கேட்ட மொத ஆளு" என்றார்.

அந்தக் கல் திருச்சியில் ஒரு சங்கத்தார் நடத்திவந்த இயற்கைப் பொருள் மியூசியத்துக்குப் போயிற்று. அந்தச் சங்கமும் கட்டடமும் இன்று இல்லை. புரொபசர் அந்தக் கல்லை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் சுருக்கமாக இது. நம் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் கடல். பத்தாவது மைல் மண் முந்திப் படிந்தது, நான்காவது மைல் மண் வெகு காலம் கழித்துப் படிந்தது. இந்த நத்தை இனம் முந்திய மண்ணில்தான் உண்டு, பிறகு அழிந்துவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். மேஸ்திரியின் கல் அப்படியல்ல, பிந்திய மண்ணிலும் அது உயிரோடிருந்தது என்று சொன்னது. அந்த ஒரு கல்தான் சாட்சி. மியூசியத்தார் அதற்குத் தனிப் பீடம் செய்து ஹாலின் நடுவில் வைத்தார்கள். அட்டையில் 'நான்காவது மைல், அரியலூர்–பெரம்பலூர் ரோடு' என்று இங்கிலீஷிலும் தமிழிலும் இருந்தது. மேஸ்திரி வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சி போவார். மலைக்கோட்டை ஏறமாட்டார், கடைவீதி போகமாட்டார். அந்த அட்டையைப் படித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று.

மேஸ்திரியின் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய், ஞாயிறு காலை பூசை கண்டு, அன்று பொழுது சாய அரியலூர் திரும்புவார். சர்வீசில் சேர்ந்த நாள் முதல் இதில் மாற்றமில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வருஷம் நானும் செய்தி எடுக்கப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி தன் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் சிரித்தார். யுத்த காலத்தில் கண்டிராக்டரிடம் வண்டி ஓட்டியவர்.

"அந்தப் பாம்புக் கல்லா மாமா? அது பத்தாவது மைலு கல்லு. நான்தான வண்டியில ஏத்துனேன்."

"பத்தாவது மைலு குவியலு பத்தாவது மைலுலயே கெடந்துச்சு. நானே அளந்தேன்."

"அளந்தீங்க. சுண்ணாம்பும் தெளிச்சீங்க. ரெண்டு மழையில அது கரைஞ்சு போச்சு. அப்பறம் மொத்தத்தயும் அள்ளிக்கிட்டு வந்து நாலாவது மைலுல அடுக்குனோம். திங்கக்கெழம வந்து மறுபடியும் அளந்தீங்க."

"எப்ப அள்ளுனீங்க?"

"ஞாயித்துக்கெழமதான். நீங்கதான் இங்க பூசைக்கு வந்துடுவீங்களே. மேஸ்திரி சாமி கும்பிடுற நேரம் நமக்கு நல்ல நேரம்னு கண்டிராக்டர் சொல்லுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வண்டிக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"பத்தாவது மைலுல எத்தனாவது பர்லாங்கு?"

அந்தத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் கழித்து மியூசியத்திலிருந்து எங்கள் பத்திரிகைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கட்டடத்தின் கூரை மாற்றப்படும். ஹால் அடுத்த மாதம் முதல் மூடப்படும். காட்சிப் பொருள்கள் பெட்டிகளில் அடைத்து வைக்கப்படும். பழைய அட்டைகளை வைத்துப் பொருள்களின் பட்டியல் புத்தகம் புதிதாக அச்சிடப்படும். மேஸ்திரியிடம் நான்தான் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். அட்டை தப்பென்றால் புத்தகமும் தப்பு. புத்தகம் வந்துவிட்டால் அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்கும் தெரியும்.

மறுநாள் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். அந்த வண்டிக்காரரைக் கையோடு அழைத்துக்கொண்டு பத்தாவது மைல் குழிக்குப் போனார். குழியில் வேலை நின்று ஏழு வருஷம். வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. கல்லைக் கடப்பாரையால் நெம்பியபோது விளிம்பில் ஒரு கையகலம் உடைந்து குழியிலேயே விழுந்தது என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். மேஸ்திரி அதைத் தேடினார். குழியைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகச் சல்லடையில் சலித்தார். வண்டிக்காரர் இரண்டாம் நாளே, "மாமா, எனக்கு மாடு பசியாக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது அவர் இடுப்பளவு குழியில் தனியாக நின்றிருந்தார். குட்டி நத்தைக் கல்லாகவே ஒரு கூடை சேர்ந்திருந்தது.

"இவ்வளவு கிடைக்குதே மேஸ்திரி."

"கெடைக்கட்டும். நான் தேடுறது இது இல்ல."

நான்காம் நாள் பிற்பகலில் அது கிடைத்தது.

அவர் மனைவி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஸ்திரி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"பேப்பர் தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. இன்னும் பத்து மாசம் போனா ரிட்டயர் ஆயிடுவாரு. இப்பப் போயி, ஒரே குவியல ரெண்டு தடவ அளந்தேன்னு தன் கையால எழுதிக் குடுக்கப் போறாராம். வேலை போயிடாதா? கண்டிராக்டரு பண்ணுனதுக்கு இவரு எதுக்குத் தலையக் குடுக்கணும்? அந்தக் கல்லு வந்து இவரக் கேட்டுச்சா?"

பின்கட்டிலிருந்து பதில் வந்தது. "கல்லு கேக்கல. புரொபசரு கேட்டாரு."

"அவரு கேட்டு ஏழு வருசமாச்சு."

"நான் சொன்ன பதிலு இன்னும் அங்கதான இருக்கு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பார்த்தீங்களா என்பதுபோல் கையை விரித்தார்.

மியூசியம் மூடப்போகும் வாரத்தின் வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் நானும் அவரும் புறப்பட்டோம். ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில், "ஒரு நிமிசம் தம்பி" என்று போய்விட்டு வந்தார். மடியில் துணிப்பை. அதற்குள் அந்தக் கையகலத் துண்டு. வழியில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இடம் மாறிவிட்டது என்று மட்டும் எழுதினால் போதும், அளவைப் பற்றி எழுத வேண்டாம். கல் எப்படி மாறியது என்று கேட்டால் வண்டிக்காரர் மேல் போடலாம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கல்லோட நெறம் வேறயா இருந்துச்சு. நாலாவது மைலு கல்லு மஞ்சப் பாரிச்சிருக்கும். இது சாம்பலு. குழி ஆழமாப் போனா நெறம் மாறும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். மண்ணுலேருந்து வந்தத நான் பாக்கல. பாக்காதத எழுதிப்புட்டேன். அதுக்கு வண்டிக்காரன் என்ன பண்ணுவான்?"

என் எட்டு வரியையும் நான் பார்க்காமல்தான் எழுதியிருந்தேன்.

மியூசியத்தில் டிக்கெட் கொடுப்பவர் எங்களைத் தடுத்தார். பாதி சாமான் இறக்கியாகிவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை என்றார். மேஸ்திரி, "நாங்க பாக்க வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நீண்ட ஹால். ஒரு பக்கம் தச்சர்கள் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தரையெங்கும் வைக்கோல். பாடம் செய்த கரடி ஒன்று கோணிப்பையால் தலைமூடி நின்றது. கண்ணாடி அலமாரிகளில் கற்கள் மட்டும் இன்னும் இருந்தன. கல்லாகிப் போன மரத்துண்டு, சுறாப் பல், சிப்பி, கடல் முள்ளி, ஒரு பெரிய எலும்பின் பாதி. மேஸ்திரி ஒவ்வோர் அலமாரி முன்னும் நின்றார். அவருக்கு இங்கிலீஷில் எண்ணும் ஊர்ப் பெயரும் படிக்கத் தெரியும். அதை மட்டும் படித்தார். கல்லைப் பார்த்தார். "சரி" என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். ஒரு சிப்பியிடம் மட்டும் அதிக நேரம் நின்று, "இது ஓடைக்கு அந்தாண்ட கெடைக்கிறது. இருக்கட்டும், இவங்க பாத்துதான் எழுதியிருப்பாங்க" என்றார்.

நடுவில் பீடம். அதன் மேல் அவர் கல். பக்கத்தில் அதற்கென்று செய்த பெட்டி, மூடி திறந்தபடி.

க்யூரேட்டர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், நல்லவர். மேஸ்திரியை வருஷா வருஷம் பார்த்திருக்கிறார். விஷயத்தை முழுவதும் கேட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"சார், இந்த மியூசியத்துக்கு வெளியூர்லேருந்து யாராவது வராங்கன்னா இந்தக் கல்லுக்காகத்தான். புது ஹாலோட பிளானே இதை நடுவுல வெச்சுப் போட்டது. பத்தாவது மைல்னு ஆயிட்டா இது அங்க கூடைக் கணக்குல கிடைக்கிற கல். அதுவும் ஒரு வண்டிக்காரன் திருவிழாவுல சொன்ன பேச்சை வெச்சு."

மேஸ்திரிக்குக் காது கேட்டிருக்க வேண்டும். பையிலிருந்து துண்டை எடுத்தார். பீடத்தருகே போனார். கல்லின் விளிம்பில் ஓரிடத்தில் பழைய உடைவு. ஏழு வருஷமாக எல்லோரும் பார்த்தது. துண்டை அதில் வைத்தார். ஒரு முறை திருப்பி வைத்தார். பொருந்தியது. பெரிய கல்லில் ஓடி வந்த வரிகள் அறுபடாமல் துண்டின் வழியாக ஓடி மறுபக்கம் சேர்ந்தன. இடையே நகம் நுழையாது. தச்சர்களில் ஒருவர் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து பார்த்து, "நல்ல சேர்ப்பு" என்றார்.

க்யூரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்கும் தெரியாது மேஸ்திரி" என்றார். கெஞ்சுவதுபோல்தான் இருந்தது.

"தெரியாமத்தாங்க ரெண்டு கோடையா நாலாவது மைலுல ஆளுங்க வந்து தோண்டிக்கிட்டிருக்காங்க. காலேஜுப் புள்ளைங்க. நானே அவங்களுக்குத் தண்ணி கொண்டுபோயிக் குடுத்தேன். ஒண்ணும் கெடைக்கலன்னு போனாங்க. மறுபடியும் வருவாங்க. மைல் கல்ல எடம் மாத்தி நட்டுட்டு, ரோட்டுல போறவன் நடக்கட்டும்னு விட்டுட முடியுங்களா?"

க்யூரேட்டர் காகிதம் கொடுத்தார். மேஸ்திரி கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதினார். எழுதிய பிறகு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'நாலாவது மைல் மூணாவது பர்லாங்கில் எடுத்ததாக நான் சொன்ன கல் அங்கே எடுத்தது அல்ல. பத்தாவது மைல் ஐந்தாவது பர்லாங்கு வடபுறக் குழியில் எடுத்தது. அதன் உடைந்த துண்டை அந்தக் குழியில் நானே எடுத்தேன். ஒரே குவியலை இரண்டு மைலில் அளந்து இரண்டு முறை சுண்ணாம்பு தெளித்திருக்கிறேன். கல் மண்ணிலிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னேன்.'

"இது எங்க பைலோட இருக்கும்" என்றார் க்யூரேட்டர். "உங்க ஆபீசுக்கு நான் அனுப்பணும்னு இல்லை."

"வேணாங்க. அங்க ஒண்ணு காலையில தபாலுல போட்டுட்டேன். அரியலூரு ஸ்டேஷன்ல."

ரயிலில் இரண்டு மணி நேரம் நான் பேசியது முழுவதும் அந்தத் தபால் விழுந்த பிறகு பேசியது.

பழைய அட்டையைக் க்யூரேட்டர் கிழித்தார். புதிய அட்டையைப் புத்தகம் அச்சிடும்போது எழுதிக்கொள்ளலாம், இப்போதைக்குக் கடிதத்தைப் பெட்டிக்குள் போடுகிறேன் என்றார். கடிதம் உள்ளே போய், வைக்கோல் போட்டு, மூடியில் கடைசி ஆணி அடிக்கும் வரை மேஸ்திரி அங்கேயே நின்றார்.

இரண்டு மாதத்தில் விசாரணை வந்தது. எஞ்சினியர் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார் என்று கேள்வி. மழை கரைத்த சுண்ணாம்புக்கு அவர் பொறுப்பல்ல என்று எழுதக்கூட ஒரு வழி சொல்லிப் பார்த்தாராம். மேஸ்திரி நிறத்தைப் பற்றியும் எழுதிச் சேர்த்துக் கொடுத்தார். ரிட்டயர் ஆக ஏழு மாதம் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கினார்கள். கண்டிராக்டர் அதற்குள் பெரிய மனிதராகியிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரி ஏலாக்குறிச்சிக்கே போய், இருந்த கொஞ்ச நிலத்தில் கம்பு விதைத்தார். வடக்கே வேலைக்குப் போயிருந்த புரொபசரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. தமிழில் இரண்டே வாக்கியம். 'துண்டு பொருந்திய விவரம் அறிந்தேன். நானும் அந்தக் குழியை நேரில் பார்க்காமல்தான் எழுதினேன்.' அதை வாசித்துக் காட்டியபோது மேஸ்திரி, "பாத்தீங்களா, எழுதிட்டாரு" என்றார். அவர் மனைவி, "எல்லாரும் எழுதிக்கங்க. கம்புக் கொல்லையில குருவி வெரட்ட ஒரு ஆளும் இல்ல" என்றார்.

நான் எழுதவில்லை. அதாவது எழுதி அனுப்பினேன், பத்திரிகையில் வரவில்லை. ஏழு வருஷத்துப் பழைய செய்திக்குத் திருத்தம் போட இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்க நான் முயலவில்லை. மேஸ்திரி பார்க்கும்போதெல்லாம், "போட்டாச்சா தம்பி?" என்பார். இல்லை என்பேன். கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த முறையும் அதே குரலில் கேட்பார்.

மியூசியம் ஒன்றரை வருஷம் கழித்துத் திறந்தது. திறந்த வாரமே போனேன். வெளிச்சமான ஹால், புதுக் கண்ணாடி அலமாரிகள். நடுப் பீடத்தில் கல்லாகிய மரம் இருந்தது. மேஸ்திரியின் கல்லைத் தேட வேண்டியிருந்தது. சுவரோர அலமாரியில், கீழ்த்தட்டில், அதே இனத்தைச் சேர்ந்த இருபது முப்பது கற்களோடு ஒன்றாக இருந்தது. துண்டை ஒட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். நான் இருந்த நேரத்தில் யாரும் குனியவில்லை. அட்டையை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். இந்த முறை பார்த்துத்தான் எழுதினேன்.

ஏலாக்குறிச்சியில் அவர் கொல்லையில் இருந்தார். வரப்பில் உட்கார்ந்தோம். நடுவில் இல்லை, கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்துத்தான் முதலில் அதைச் சொன்னேன்.

"வெக்கட்டும். அட்டையில என்ன போட்டிருக்கு?"

தாளை வாசித்தேன். "பத்தாவது மைல், அரியலூர்–பெரம்பலூர் ரோடு."

"ம்."

"அவ்வளவுதான்."

"பர்லாங்கு?"

"போடலை."

"எந்தப் பக்கம்னு?"

"அதுவும் இல்லை."

பத்தாவது மைலில் எட்டு பர்லாங்கு, ரோட்டுக்கு இரண்டு பக்கம் என்று எனக்கு விளக்கிச் சொல்லக்கூட அவர் முயலவில்லை. எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வெளுத்த வேட்டி ஏதாச்சும் இருக்கா பாரு. நாளைக்குத் திருச்சி போகணும்."

உள்ளே முறத்தில் புடைக்கும் சத்தம் நின்றது. அந்த அம்மாளின் குரல் வந்தது.

"போன தடவ மாதிரி சொல்லாமக் கொள்ளாம எதையும் தபாலுல போட்டுட்டுப் போவாதீங்க. இந்தத் தடவ நானும் வரேன்."